கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை



சித்திரை வெயிலில் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனி ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கும். உள்ளே, ஃபேன் காற்றுக்குக் கீழே, வியர்த்து வழிய உட்கார்ந்து நாங்கள் குளிருக்குப் போடும் உடுப்பைத் தைத்துக்கொண்டிருப்போம். ஐரோப்பாக் கடைகளில் இலையுதிர்காலத்தில் அது தொங்க வேண்டும் என்றால் சித்திரை, வைகாசியிலேயே எங்கள் மெஷினுக்கு வந்தாக வேண்டும். பிளீஸ் துணி. உள்பக்கத்தைக் கம்பிப் பல் வைத்த உருளைகளில் கொடுத்து, சீவிச் சீவிப் பஞ்சு எழுப்பியிருப்பார்கள். நாங்கள் அதை ரைசிங் என்போம். வெட்டும்போதும் தைக்கும்போதும் அந்தப் பஞ்சு பறந்து வந்து வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால்தான் போகும்.

எனக்கு இந்தத் தொழிலில் 26 வருடம். டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்குச் சேர்ந்தேன். பிறகு ஓவர்லாக் மெஷின், பிறகு பிளாட்லாக் மெஷின். இப்போது ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். இத்தனை வருடத்தில் பனிநாட்டுக் குழந்தைகளுக்கு எத்தனை ஜாக்கெட் என் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. அதில் ஒரு மாடல் அடிக்கடி வரும். கையின் நுனியில், ரிப் சேரும் இடத்தில், தையலில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, இரண்டு முனையும் பிரியாதபடி பார்டாக் தையல் அடிக்க வேண்டும். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அளவுத் தாளில் இத்தனை சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும். எதற்கு என்று போட்டிருக்காது. நானும் கேட்டதில்லை. ஓட்டை அரை சென்டிமீட்டர் கூடினால் செக்கிங்கில் திரும்பி வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன வருடம் ஆனி மாதம் துபாயில் வேலை பார்க்கும் என் மகளிடம் போயிருந்தேன். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "அம்மா, இத்தனை வருசமா குளிருக்குத் தைக்கறே. ஒரு நாளாச்சும் பனியில நின்னு பாரும்மா. இங்க கட்டடத்துக்குள்ளயே பனிமலை இருக்குது. காலையில போனா சாயங்காலத்துக்குள்ள சறுக்கச் சொல்லிக் குடுத்திருவாங்க."

"எனக்கு 47 வயசாச்சு கண்ணு. கைகால் ஒடிஞ்சா யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன். வாம்மா."

அந்த இடத்துக்குப் பெயர் ஸ்கி துபாய். மால் ஆஃப் தி எமிரேட்ஸ் என்ற பெரிய வணிக வளாகத்தை ஒட்டி நிற்கிறது. 2005-ல் திறந்தது. 22,500 சதுர மீட்டர் பரப்பு, சுமார் 85 மீட்டர் உயரம். உள்ளே இருக்கிற சரிவுகளில் நீளமானது 400 மீட்டர். வெளியே பாலைவனம் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது உள்ளே பூஜ்யத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரி கீழே. அங்கே கிடப்பது நிஜமான பனிதான். நன்றாகக் குளிரவைத்த தண்ணீரைப் பொடிப்பொடியான திவலையாக, உறையவைக்கும் காற்றுக்குள் பீய்ச்சுகிறார்கள். தரையைத் தொடுவதற்குள் அது பனியாகிவிடுகிறது. ஆட்கள் போன பிறகு, ராத்திரியில், குளிரை இன்னும் கூட்டி இதைச் செய்கிறார்கள். காலையில் வருகிறவர்களுக்குப் புதுப் பனி காத்திருக்கும்.

கூரைக்குக் கீழே பனிச்சறுக்கு என்பது துபாய்க்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1927-லேயே ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில், ரயில் வராமல் சும்மா கிடந்த ஒரு ரயில் நிலையக் கூடத்தில் சரிவு கட்டிச் சறுக்கியிருக்கிறார்கள். அப்போது பனி உண்டாக்கும் மெஷின் கிடையாது. சோடாவைக் கொண்டு பனி மாதிரி ஒன்றைச் செய்து கொட்டினார்களாம். இதை மகள் படித்துச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணியில் சாயம் பிடித்து நிற்கப் போடுகிற சோடாவுக்கு உறவுக்காரச் சரக்கு அது. வெள்ளையாக, பொடியாக, மூட்டை மூட்டையாக எத்தனை பார்த்திருக்கிறேன்!

மகளோடு ஒரு நாள் காலையில் அங்கே போனேன். முதலில், சறுக்குவதற்குக் கொடுத்த காலணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக்கில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நிற்கும். கொக்கிகளை இழுத்துப் பூட்டினால் கணுக்கால் அசையாது. முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தே செய்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நேராக நிமிர்ந்து நிற்க முடியாது. சறுக்குப் பலகையில் காலணியின் முனையை வைத்து, குதிகாலை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. விழும்போது கால் முறுக்கினால் தானாகவே விடுபட்டும்விடும். ஸ்கி என்ற சொல்லுக்கே வட ஐரோப்பாவின் பழைய மொழியில் பிளந்த மரக்கட்டை என்றுதான் பொருளாம்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் நேபாளத்துத் தம்பி. 25 வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் ஓடாது. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எங்கள் லைனுக்கு வந்த பிள்ளைகளோடு பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் இந்தி பழகியிருந்தது. அதை வைத்தே அன்றைக்கு முழுவதும் பாடம் நடந்தது.

மேலே கூட்டிப் போவார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் சமதரையிலேயே வைத்திருந்தார். ஒரு காலில் மட்டும் பலகையைப் பூட்டி, இன்னொரு காலால் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னார். அப்புறம் கால் மாற்றி. அப்புறம் சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நின்று, படியேறுகிற மாதிரி ஒவ்வொரு அடியாக மேலே. பிறகு விழச் சொன்னார். பின்னால் விழாமல், பக்கவாட்டில், இடுப்பு முதலில் படுகிற மாதிரி. விழுந்த பிறகு பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டு எழ வேண்டும். பலகையின் முனை கீழ்நோக்கி இருந்தால் எழும்போதே அது கிளம்பிவிடும்.

இந்தப் பாடம் எனக்குப் புரிந்த பாடம். புதுப் பிள்ளை ஒன்று மெஷினில் உட்கார வந்தால் நாங்கள் எடுத்த எடுப்பில் துணியைக் கொடுக்க மாட்டோம். நூல் கோக்காத மெஷினில், கோடு போட்ட காகிதத்தைக் கொடுப்போம். ஊசி குத்துகிற ஓட்டை கோட்டின் மேலேயே விழ வேண்டும். நேர்கோடு, வளைவுக்கோடு, மூலை. கையைவிடக் காலுக்குத்தான் அதில் பயிற்சி. பெடலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஓடும், எந்த இடத்தில் காலை எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சில பிள்ளைகள் மிரண்டு அழுததையும் பார்த்திருக்கிறேன். அந்த மிரட்சியை என் உடம்பில் நான் மறுபடி உணர்ந்தது அன்றைக்குத்தான். புதிதாக ஒன்றைக் கற்றுப் பல வருடம் ஆகிவிட்டிருந்தது.

அதற்கப்புறம் நிறுத்துவது. இரண்டு பலகைகளின் முன் நுனிகள் நெருங்கியிருக்க, பின்பக்கம் அகல விரிய வேண்டும். பனியை ஒதுக்கும் கலப்பை மாதிரி என்பார்கள். குழந்தைகளுக்கு பீட்சாத் துண்டு மாதிரி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு வி-நெக் பனியனைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி தோன்றியது. அப்படி நினைத்ததும் கால் தானாக அமைந்தது. குதிகால்களை வெளியே தள்ளத் தள்ள, பலகையின் உள் ஓரங்கள் பனியில் பதிந்து வேகம் குறைகிறது. ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியைச் சேர்ந்த ஹானஸ் ஷ்னைடர் என்பவர் 100 வருடத்துக்கு முன்பே இந்தக் கலப்பை வடிவத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே கொண்டுபோகிற பயிற்சி முறையை வகுத்தார். ஒரு பனியனை இத்தனை ஆபரேஷன் என்று பிரித்து லைனில் கொடுப்போமே, அந்த மாதிரி. தோள் கூட்டிய பிறகுதான் கழுத்து.

நான் விழுந்ததெல்லாம் ஒரே காரணத்தால். கீழே பள்ளம் தெரிந்ததும் பயத்தில் உடம்பு பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் லேசாகி, பிடி விட்டு ஓடிவிடுகிறது. பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய வேண்டும், கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பு காலணியில் அழுந்த வேண்டும். "ஆகே, ஆகே" என்று அந்தத் தம்பி கத்திக்கொண்டே பின்னோக்கிச் சறுக்கியபடி எனக்கு முன்னால் போவார். முன்னாலே, முன்னாலே என்று அர்த்தம். புத்திக்குப் புரிந்தது. உடம்பு கேட்பதற்கு 11 முறை விழ வேண்டியிருந்தது.

ஒவ்வொரு முறை விழும்போதும் கையுறைக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவில் பனி புகுந்து, மணிக்கட்டு மரத்துப்போனது. அங்கே கொடுத்த மேல் கோட்டுக்கு உள்ளே நான் போட்டிருந்தது எங்கள் ஊர் ஜாக்கெட்டுதான். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் வாங்கியது. அந்த ஓட்டை வைத்த மாடல். நான் மணிக்கட்டைத் தேய்ப்பதைப் பார்த்த அந்தத் தம்பி கையுறையைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஏறிப்போயிருந்த ஜாக்கெட் கையை இழுத்து, என் கட்டைவிரலைப் பிடித்து, அந்த ஓட்டைக்குள் நுழைத்தார். உள்ளங்கை பாதி மூடியது. அதற்கு மேலே கையுறையை மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை முறை விழுந்தாலும் ஒரு பொட்டுப் பனி உள்ளே போகவில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆயிரக்கணக்கில் அந்த ஓட்டையைப் போட்ட கை இது.

மத்தியானம் இன்னொன்று தெரிந்தது. விழுந்து எழுந்ததில் நன்றாக வியர்த்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் நான் போட்டிருந்தது சுத்தமான பருத்தி பனியன். இளைப்பாற உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் முதுகில் ஈரத்துணி போர்த்திய மாதிரி குளிர் ஏறியது, பல் அடித்துக்கொண்டது. சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி எட்டரை கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. தண்ணீரோ, அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். எங்கள் ஊர் வெயிலில் வியர்வையை வாங்கி, காற்றில் உலர்த்தி, நம்மைக் குளிரவைக்கும் அதே குணம் பனியில் நம்மைக் கைவிடுகிறது. மகள் தன் பையிலிருந்து பாலியஸ்டர் டீ-சர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிளாஸ்டிக் துணி என்று நான் தொட மாட்டேன். அன்றைக்குப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் குளிரவில்லை.

பருத்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் வீட்டில் இரண்டு தலைமுறை சோறு தின்றது அதில்தான். ஆனால் ஒரு துணி எந்த ஊருக்கு, எந்த உடம்புக்கு, எந்த வேலைக்குப் போகிறது என்பது தைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்கு பனியன் போகத் தொடங்கி ஐம்பது வருடத்தை நெருங்குகிறது. அளவு தெரியும், தையல் தெரியும், இன்ச்சுக்கு எத்தனை தையல் என்று தெரியும். போடுகிறவர்களைத் தெரியாது. அது எங்களுக்குப் பெரிய இழப்பு.

மத்தியானத்துக்கு மேல், ஆளை ஏற்றிக்கொண்டு போகும் நகரும் பட்டையில் நின்று கொஞ்சம் உயரத்துக்குப் போனோம். இப்போது திரும்பப் பழக வேண்டும். இடப்பக்கம் திரும்ப வலக்காலில் எடை, வலப்பக்கம் திரும்ப இடக்காலில். காலை முறுக்கவே கூடாது, எடையை மாற்றினால் போதும். நாலாவது தடவை அந்தத் தம்பி கீழேயே நின்றுகொண்டார். நான் தனியாக இறங்கினேன். இடது, வலது, இடது. பலகைக்கு அடியில் பனி 'சர்ர்' என்று சீவப்படும் சத்தம். ரைசிங் மெஷினில் துணி ஓடும்போது கேட்கிற சத்தம் மாதிரியே இருந்தது. கீழே வந்து, குதிகாலைத் தள்ளி, மகளுக்கு இரண்டு அடி முன்னால் நின்றேன். அவள் அழுதுவிட்டாள்.

ஒரு நாளில் கற்றேன் என்றால் இவ்வளவுதான்: சின்னச் சரிவில் இறங்க, இரு பக்கமும் திரும்ப, நினைத்த இடத்தில் நிற்க. எனக்கு அது போதும். அந்தக் கூரைக்கு அடியில் பெரிய காரியங்களும் நடந்திருக்கின்றன. காஷ்மீரத்து வீரர் ஆரிஃப் கான் 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராகக் கொடி பிடித்துப் போனாரே, கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கும் சலாலம் பிரிவுக்கு அவர் தகுதி பெற்றது துபாயில் நடந்த போட்டிகளில்தான். குல்மார்க் பனியில் வளர்ந்த பிள்ளைக்குப் பாலைவனத்துப் பனி வழி திறந்திருக்கிறது.

இந்தச் சித்திரையில் மறுபடி பிளீஸ் ஆர்டர் வந்தது. அதே ஓட்டை. ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை, 19 வயது, பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு அக்கா, தையல் விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டேன். கழுத்தெல்லாம் வியர்வை, பஞ்சு. கையை நீட்டச் சொல்லி, அவள் கட்டைவிரலைப் பிடித்து, அந்த ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, பனியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தொடங்கினேன். பக்கத்து மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.