மருந்தும் அளவும்



காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றோம். மனம் சோர்ந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுகின்றோம். போர் எம்மவர் மனங்களில் உண்டாக்கிய காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் 1998 இல் ஆங்கில நூலொன்றில் விரித்துரைத்தார். அக்காயங்களை மறைக்கும் வெட்கம் இன்னும் எம்மை விட்டகலவில்லை. ஆதலால் மனச்சோர்வுக்குரிய பழைய மருந்தொன்றைப் பற்றிப் பேச விரும்புகின்றோம்.

வேறொரு மனநோய்க்கெனப் பரீட்சிக்கப்பட்ட இமிப்ரமீன் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதைச் சுவிற்சர்லாந்து தேசத்து வைத்தியர் றோலண்ட் கூன் 1957 இல் வெளியிட்டார். அதன் இனத்ததாகிய அமிட்ரிப்டிலின் 1961 முதல் வழக்கிலுள்ளது. அணுக்கள் மூன்று வளையங்களாய் அமைந்தமையால் இவை மூவளைய மருந்துகள் எனப்படும்.

இன்று மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் புதிய மருந்துகளையே முதலிற் கொடுக்கின்றனர். ஆயினும் நீரிழிவால் வரும் நரம்பு எரிவுக்கும், ஒற்றைத் தலையிடி வராமற் காப்பதற்கும் அமிட்ரிப்டிலினைச் சிறிய அளவிற் கொடுப்பதுண்டு. ஆகவே ஒருவர் கையில் இக்குளிசையைக் கண்டதும் அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டுவது அறியாமை. மனநோயேயானாலும் இகழ்வது தகாது.

மனச்சோர்வு குறையச் சில வாரங்கள் செல்லும். நாவரட்சி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் என்பனவோ முதல் நாட்களிலேயே தோன்றும். இந்த இடைவெளியிலேதான் பலர் மருந்தைக் கைவிடுகின்றனர். வைத்தியரிடம் சொல்லாமல் திடீரென நிறுத்தலாகாது. மதுவுடன் சேர்க்கலாகாது. முதியோர் எழும்பும்போது தலைசுற்றி விழக்கூடும். இருதய நோய், கண்ணழுத்தம், சலம் கழிப்பதிற் தடை உள்ளோர் அவற்றை முதலிலேயே சொல்லவேண்டும். தொடக்க வாரங்களில் இளவயதினருக்கு உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால் அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அளவு மிஞ்சினால் இம்மருந்து இருதயத் துடிப்பைக் குழப்பி உயிரைப் பறிக்கும். சிறு குழந்தைக்குச் சில குளிசைகளே போதும். ஆகவே வீட்டில் அதனைப் பூட்டி வைத்து, பொறுப்புள்ள ஒருவர் வேளைதோறும் எடுத்துக் கொடுப்பது நன்று. அயலவருக்கு இரவல் கொடுக்கலாகாது. தவறி விழுங்கினால், சுகமாயிருப்பதுபோற் தோன்றினும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. வாலிபர்களே! சோர்ந்திருக்கும் நண்பனுக்குப் புத்திமதி சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். கிளினிக்குக்குத் துணையாகச் செல்லுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் மனந்திறந்தால் ஏசாமற் கேளுங்கள். மருந்தின் அளவை வைத்தியர் அறிவார். அன்புக்கு அளவு வேண்டியதில்லை.