தன்னுருவே எதிர்வந்தால்: இரட்டை உருவத் திகிற்படங்களில் அச்சத்தின் ஊற்று



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை மாமல்லபுரக் கடற்கரைக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தபசு என்பாரும் உளர். பகீரதன் தவம் என்பாரும் உளர். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை மேலே காணலாம். கீழே, பெரிய யானையின் அருகில், ஒரு பூனை பின்கால்களில் நின்று முன்கால்களை அவ்வாறே உயர்த்தியிருக்கிறது. அதனைச் சுற்றிலும் எலிகள்.

காண்போர் சிரிக்கின்றனர். அவர்கள் சிற்பியின் பக்கம் நின்று பார்ப்பதால் சிரிப்பு வருகிறது. எலிகளின் பக்கம் நின்று நோக்கினால் அது நகைப்புக்குரிய காட்சி அன்று. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் போலித்தவப் பூனையின் கதையில், எலிகள் நாளுக்கு நாள் குறைகின்றன, பூனை கொழுக்கிறது. ஒன்றைப் போல மற்றொன்று தோன்றுவது எப்போது வேடிக்கை, எப்போது திகில் என்பதைப் பார்ப்பவர் நிற்கும் இடமே முடிவு செய்கிறது.

இரட்டை உருவம் தரும் அச்சத்தை ஆராய்ந்தோருள் ஆட்டோ ராங்க் 1914இலும் சிக்மண்ட் பிராய்டு 1919இலும் எழுதினர். பிராய்டு ஓர் இரயில் பயணத்தை நினைவுகூர்கிறார். பெட்டியின் கதவு ஆடித் திறக்க, இரவுடை அணிந்த முதியவர் ஒருவர் தவறுதலாகத் தம் அறைக்குள் நுழைவதாக எண்ணி எழுந்தார். அது கதவின் கண்ணாடியில் தெரிந்த அவரது உருவமே! அந்த முதியவரைத் தமக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்றும் அவர் குறித்துள்ளார். மிக நெருங்கியதே அந்நியமாய்த் தோன்றுவதில்தான் அச்சம் பிறக்கிறது என்பது அவர் கருத்து.

தமிழர்க்கு இது புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் வடிவை மேற்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன், தன் மனைவி பிறன் ஒருவனோடு நிற்பதாக மயங்கி, உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். உண்மையான காயசண்டிகையோ பசிநோய் தீர்ந்து வான்வழியே ஊர் திரும்புகையில் விந்த மலையைக் காப்பவளின் வயிற்றில் அகப்பட்டு அழிந்தாள் என்பது அதன்பின்னர்த் தெரியவருகிறது. உருவத்துக்கு உரியவள் மறைந்துபோன பின்னரும் அவள் உருவம் புகார் நகரில் நடமாடுகிறது. எந்தத் திகிற்படத்துக்கும் குறையாத நடுக்கம் இதில் உண்டு.

தமிழ்த் திரை இக்கருவை இருமுறை எடுத்தாண்ட விதத்தை ஒப்பிடுதல் பயன்தரும். 1966இல் வெளிவந்த ‘யார் நீ’, 1964இன் ‘வோ கௌன் தீ’ என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம். ஜெய்சங்கரும், இரட்டை வேடத்தில் ஜெயலலிதாவும் நடித்தனர். மழை இரவு, தனிச்சாலை, வெண்சேலைப் பெண், இடுகாடு ஆகியவை அதன் குறியீடுகள். இறுதியில் ஆவி இல்லை. உருவொத்த இருவரைக் கொண்டு சொத்தாசை நடத்திய நாடகமே எல்லாம் என விளக்கம் கிடைக்கிறது. விளக்கம் கிடைத்ததும் அச்சம் கலைகிறது.

அப்படத்தில் பி. சுசீலா பாடிய பாடலின் முதற்சொற்களே 2022 செப்டம்பரில் வெளிவந்த ‘நானே வருவேன்’ படத்தின் பெயராயின. செல்வராகவன் இயக்கிய இப்படத்தில் தனுஷ் பிரபு, கதிர் என இரட்டையராக வருகிறார். சிறுவயதில் கதிர் தந்தையைக் கொல்கிறான். இருவரும் சேர்ந்திருந்தால் ஆபத்து என்ற சொல்லை நம்பி, தாய் கதிரைக் கோயிலில் விட்டுவிட்டுப் பிரபுவோடு போய்விடுகிறாள். பல்லாண்டுகளுக்குப் பின் பிரபுவின் மகளை ஒரு சிறுவனின் ஆவி பற்றுகிறது. அவன் கதிரின் மகன்.

இங்கே விளக்கம் கிடைத்த பின்னும் அச்சம் கலைவதில்லை. பிரபுவின் அமைதியான இல்லம் மற்றொரு சிறுவனைக் கைவிட்டதன் மேல் எழுந்தது. அந்தக் கணக்கு தீர்க்கப்படாமல் மகளின் உடலில் வந்து நிற்கிறது. கதிர் குற்றமற்றவன் அல்லன். தாயின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. ஆயினும் கோயிலில் தனித்து நின்ற சிறுவனின் பக்கம் படம் நெடுநேரம் நிற்கவில்லை. சகோதரர் மோதலை நோக்கி விரைந்துவிடுகிறது. அதன் குறை அதுவே.

அந்தப் பக்கம் துணிந்து நின்ற படம் ஜோர்டன் பீலின் ‘அஸ்’ (2019). அப்பெயர் ‘நம்மை’ எனவும் பொருள்படும். அமெரிக்க நாட்டின் சுருக்கப்பெயராகவும் ஒலிக்கும் சிலேடை. 1986இல் சாண்டா குரூஸ் கடற்கரைப் பொழுதுபோக்கு மையத்தில், கண்ணாடி மாளிகைக்குள் நுழையும் சிறுமி தன்னைப் போன்றவளையே எதிரில் காண்கிறாள். நிலத்தடிச் சுரங்கங்களில், மேலுள்ளோரின் அசைவுகளை விருப்பமின்றி நடிக்கும் இரட்டை உருவினர் வாழ்கின்றனர். சிவப்பு உடையும் கத்தரிக்கோலும் ஏந்தி அவர்கள் ஒருநாள் மேலேறி வருகின்றனர். கத்தரிக்கோல் தேர்ந்த குறியீடு: ஒரே ஆணியில் பிணைந்த இரு ஒத்த அலகுகள், பிணைப்பை அறுக்கும் கருவியும் அவையே. மேலே வாழ்ந்த நாயகியே கீழிருந்து வந்தவள், பறிக்கப்பட்டவளே கீழே வாடியவள் என்று இறுதியில் தெரியும்போது, இதுவரை யார் பக்கம் நின்று அஞ்சினோம் என்ற கேள்வி பார்வையாளரைத் தாக்குகிறது. லுபிட்டா நியோங்கோ ஏற்ற இரு வேடங்களில், கீழுள்ளவளின் குரல் நெரிபட்டுக் கரகரக்கிறது. கழுத்து நெரிக்கப்பட்ட குழந்தையின் குரல் அது.

ஆகவே அச்சத்தின் ஊற்று முகவொற்றுமையில் இல்லை. ஒருவர் பெற்ற வாழ்வு, அதே முகமுடைய மற்றொருவருக்கு மறுக்கப்பட்டது என்ற அறிவில் இருக்கிறது.

மாமல்லபுரக் கரைக்கும் இவ்வறிவு உண்டு. ஏழு கோயில்களுள் ஒன்று மட்டுமே கரையில் எஞ்சியது, ஏனையவை கடலுள் என்பது அவ்வூரின் பழங்கதை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபோது, செதுக்கிய பாறைகள் சில வெளிப்பட்டன. புதையுண்டது இல்லாமல் போவதில்லை.

கவிஞர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. பூனையைப் பாடுதல் எளிது. தவசியைப் பாடுதலும் எளிது. அண்ணாந்து நிற்கும் எலியின் கண்வழியே அந்தப் பாறையைப் பார்த்து எழுதுவதே அரிது.