சீனி குறைந்தாலும் வருத்தந்தான்
(தோட்ட முதியோர் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சீனி கூடினால் வருத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்தாலும் வருத்தந்தான். அது கொஞ்ச நேரத்திலேயே ஆளை விழுத்திவிடும்.

100 மில்லிலீட்டர் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள் வைத்தியர்கள். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். வயசானவர்களுக்கு இந்த அடையாளங்கள் தெரியாமலே போகலாம். பேச்சுக் குழறும், நடை தடுமாறும், காரணமில்லாமல் கோபம் வரும். "தாத்தா தண்ணி போட்டிருக்கார்" என்று நாம் விலகிப் போகிறோம். அப்படிப் போகாதீர்கள்.

சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சில குளிசைகளின் வேகம் நெடுநேரம் நிற்கும். வெறும் வயிற்றில் சாராயம் குடித்தாலும் சீனி இறங்கும்.

உடனே என்ன செய்யலாம்? தேத்தண்ணி போட அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிசத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள். குளிசை போட்டவருக்குச் சீனி திரும்பவும் இறங்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

சீனி வருத்தமே இல்லாதவருக்கும் இது வரலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி விடியக்காலையில் அடிக்கடி மயங்கி விழுந்தார். எந்நேரமும் சோர்வு, குளிர். "வயசுதானே" என்று நாங்களும் சொன்னோம். வீட்டார் நூல் மந்திரித்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஒன்று கேட்டார்: "கடைசிப் பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிறையப் போனதா?" ஆம், போயிருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பால் சுரக்கவில்லை. அதற்குப் பிறகு மாதவிலக்கும் வரவில்லை. முப்பது வருசமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

மூளைக்கு அடியில் பட்டாணியளவு சுரப்பி ஒன்று இருக்கிறது. பிட்யூட்டரி என்று பெயர். பிரசவத்தில் இரத்தம் மிக அதிகமாகப் போனால் அது பழுதாகலாம். பிறகு தைரொயிட், அட்ரீனல் சுரப்பிகளும் சரியாக வேலை செய்யாது. அட்ரீனல் கொடுக்கும் கோர்ட்டிசோல் குறைந்தால், சாப்பிடாத நேரத்தில் சீனி இறங்கும். ஷீஹான் என்ற வைத்தியர் 1937இலேயே இந்த நோயை எழுதி வைத்தார். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், குளிசையால் சமாளிக்கலாம். அந்தப் பாட்டி இப்போது பேரனைப் பிள்ளைமடுவத்துக்குக் கூட்டிப் போகிறார்.

மூட்டு வலிக்கோ இழுப்புக்கோ நெடுநாள் ஸ்டீரொயிட் குளிசை போடுபவர்களே, நீங்களும் வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள். அப்போதும் கோர்ட்டிசோல் குறைந்துபோகும்.

தாய்மாரே, பிரசவத்தில் பட்ட கஷ்டத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளே, வீட்டுப் பெரியவர் சோர்ந்து கிடந்தால் "வயசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். நாங்கள் செய்த பிழையை நீங்களும் செய்யவேண்டாம்.