தலைக்காயத்திற்குப் பின்: ஏழு நாட்களும் எஞ்சிய வாழ்நாளும்

(சமூக நலப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதார ஊழியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாலை விபத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர் கண் விழித்துவிட்டார் என்ற செய்தி வீட்டை எட்டியதும், கண்டம் தப்பியது என்று உற்றார் உறவினர் ஆறுதல் கொள்கின்றனர். அந்த ஆறுதல் நியாயமானதே. ஆனால் காப்பாற்றப்பட்ட உயிர் மீண்டும் வாழத் தகுந்த வாழ்வாக மாறுவதற்கான பணி அன்றுதான் தொடங்குகிறது. முதற்பணிக்கு மருத்துவமனையும் அரசும் பொறுப்பேற்கின்றன. இரண்டாவது பணியோ, பெரும்பாலும் எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு மனைவியின் மீதோ தாயின் மீதோ சுமத்தப்பட்டு விடுகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். உயிரிழந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதிற்கு உட்பட்டோர். அதாவது குடும்பத்திற்குச் சம்பாதித்துப் போடும் வயதினர். மூளைக் காயத்திற்குச் சாலை விபத்தே முதற்காரணம்; மாடியிலிருந்தும் மரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் தவறி விழுதல் அதற்கு அடுத்த காரணம். காயமுற்றோருள் எத்தனை பேர் மீண்டும் வேலைக்குத் திரும்பினர், எத்தனை பேர் வீட்டுத் திண்ணையிலேயே முடங்கினர் என்பதை விபத்துக் கணக்குகள் கூறுவதில்லை.

மூளையில் நிகழ்வது என்ன?

அடி விழுந்த கணத்திலேயே மூளைத் திசுக்கள் சிதைவுறுகின்றன. இது முதல் காயம். அதைத் தொடர்ந்து மண்டையோட்டிற்குள் இரத்தம் கட்டுதல், மூளை வீங்குதல், பிராணவாயு போதாமை ஆகியவற்றால் நேர்வது இரண்டாம் காயம். முதல் காயத்தை மருத்துவத்தால் திருப்ப இயலாது. இரண்டாம் காயத்தை விரைவான சிகிச்சையால் பெரிதும் தடுக்க இயலும். அடிபட்டவரை விரைவில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் ஆகிய இருவரும் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்பட்டு வருகிறது. கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றையும் கணித்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுவது அதன் முறை. 8 அல்லது அதற்குக் குறைவாயின் காயம் கடுமையானது என்று கொள்ளப்படும்.

மடிந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் மீண்டும் தோன்றுவதில்லை. எனினும் எஞ்சியவை தமக்குள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவை. இரண்டாம் உலகப் போரின்போது மூளைக் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றிய சோவியத் அறிஞர் லூரியா, இழந்த ஒரு திறனை அதே வழியில் மீட்க இயலாவிடினும், சிதையாத பகுதிகளின் துணையால் வேறொரு வழியில் அதே செயலைச் செய்யப் பயிற்றலாம் என்று விளக்கினார். பாலம் இடிந்த ஊருக்குச் சுற்றுவழி அமைப்பதைப் போன்றது இது. அச்சுற்றுவழி தானாக அமைவதில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான் அமைகிறது. முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் விரைவாகவும், அதன் பின்னர் மெதுவாகவும் நிகழும். ஈராண்டுகளுக்குப் பின்னரும் அது முற்றிலும் நின்றுவிடுவதில்லை. ஆகவே பயிற்சிக்கு மிகவும் ஏற்ற காலம், நோயாளி வீடு திரும்பியபின் வரும் முதல் சில மாதங்களே.

கண்ணுக்குப் புலப்படாத குறைபாடு

முப்பது வயதுடைய கொத்தனார் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட அவர், ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார். நடக்கிறார், பேசுகிறார், தழும்பும் முடியால் மறைந்து விட்டது. பார்ப்போர் அவரை நலமுற்றவர் என்றே கருதுவர். ஆனால் காலையில் சொன்னது மாலையில் அவர் நினைவில் நிற்பதில்லை. கலவைக்குச் சிமெண்டு எத்தனை சட்டி, மணல் எத்தனை சட்டி என்று சித்தாள் கேட்கும்போது தடுமாறுகிறார். நான்கு பேர் ஒருங்கே பேசினால் அவருக்குச் சினம் பொங்குகிறது. சிறிது நேரத்திலேயே களைத்துப் படுத்துவிடுகிறார். யாரும் சொல்லாவிடில் எதையும் தாமாகத் தொடங்குவதில்லை.

ஊரார் இதைச் சோம்பல் என்பர். சிலர் காற்று, கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் செல்வர். தம் கணவர் வேறொரு மனிதராகிவிட்டாரே என்று அவர் மனைவி தனிமையில் கலங்குவார். உண்மையில் இவை யாவும் காயத்தின் விளைவுகளே. நினைவு, கவனம், திட்டமிடுதல், சினத்தை அடக்குதல் ஆகியவையும் மூளையின் பணிகளே. முறிந்த கால் நொண்டுவது எவ்வாறு குற்றமன்றோ, அவ்வாறே காயமுற்ற மூளை மறப்பதும் சினப்பதும் குற்றமல்ல. இந்த ஓர் உண்மையைக் குடும்பத்தாருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதே மறுவாழ்வுப் பணியின் முதற்படியாகும். அதனால் வீட்டில் நிகழவிருக்கும் பல சச்சரவுகள் தவிர்க்கப்படும்.

வீடே பயிற்சிக் கூடம்

மறுவாழ்வு என்பது விலையுயர்ந்த இயந்திரங்களால் மட்டுமே ஆவது என்ற எண்ணம் சரியன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே பணியைத் தொடர்ந்த அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டில் அங்கு மறுவாழ்வு மையம் உருவாயிற்று. அவருடைய காயம் மூளையில் நேர்ந்ததன்று. ஆயினும், நோயாளி இழந்ததை எண்ணாமல் எஞ்சியதைக் கொண்டு வாழ்வை அமைக்க வேண்டும் என்பது இரண்டிற்கும் பொருந்தும்.

பெங்களூரில் 1974ஆம் ஆண்டில் உருவான தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸில், கவனத்தைச் சீராக்கும் பயிற்சிகளுள் ஒன்றாகத் தானியம் பிரித்தல் கையாளப்படுகிறது. கலந்து வைத்த தானியங்களை வகைவகையாகப் பிரித்தெடுக்க வேண்டும். நாள்தோறும் ஆகும் நேரத்தைக் குறித்து வர வேண்டும். இதற்கு ஒரு முறமும் இரண்டு கைப்பிடித் தானியமும் போதும். பயிற்சியை வகுத்துத் தருபவர் வல்லுநர். அதை நடத்துபவர் வீட்டிலுள்ளவர்.

அன்றாட வாழ்விலேயே வேறு பல பயிற்சிகளும் அமைந்துள்ளன. மறதி உள்ளவர் சட்டைப் பையில் சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம்; எழுதத் தெரியாதவருக்குப் படங்கள் வரைந்த அட்டை உதவும். சாவி, மருந்து, செருப்பு ஆகியவற்றிற்கு மாறாத இடம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே தர வேண்டும். களைப்புத் தோன்றும் முன்பே ஓய்வு தர வேண்டும். சினம் எழும்போது வாதாடாமல் அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்வது நன்று. பேச்சு குழறுபவரிடம் சுருக்கமாகப் பேசி, விடை வரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

படுக்கையில் இருப்போருக்கு வேண்டிய கவனிப்பு வேறு. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் உண்டாகும். மூட்டுகளை நாள்தோறும் மெல்ல அசைக்காவிடில் அவை இறுகிவிடும். விழுங்கும் திறன் சோதிக்கப்படும் முன் வாய்வழி உணவளித்தால் அது மூச்சுக்குழாயில் சென்று நிமோனியாவை விளைவிக்கக் கூடும். வலிப்புக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது. மதுவை அறவே விலக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்புவதும் படிப்படியாகவே நிகழ வேண்டும். மேற்கூறிய கொத்தனார் முதல் நாளே சாரத்தில் ஏறலாகாது. தலைசுற்றலோ வலிப்போ வந்தால் உயிருக்கே கேடு. நாள்தோறும் இரண்டு மணி நேரம், தரையில் நின்று செய்யும் வேலை, பொறுமையுள்ள ஒரு மேஸ்திரி, கலவையின் அளவு எழுதிய அட்டை ஆகியவை அமைந்தால் தொடக்கத்திற்குப் போதும். பிடித்த கரண்டியும் தூக்குக்குண்டும் கைக்குப் பழகியவை. புதிதாகச் சொன்னது மறந்தாலும், நெடுநாள் பழகிய கைத்தொழில் பெரும்பாலும் எஞ்சி நிற்பதுண்டு. அதைக் கண்டறிந்து பயன்படுத்துவதே மறுவாழ்வுப் பணியாளரின் திறமை.

சட்டமும் நடைமுறையும்

கடந்த சில ஆண்டுகளில் அரசு மேற்கொண்ட நடவடிக்கைகள் பாராட்டத் தக்கவை. அடிபட்டவருக்கு உதவுவோரைப் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் வழி செய்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதனைச் சட்டப்பிரிவாகவே ஆக்கியது. 2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரையிலான செலவை ஏற்கிறது. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவையும், வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான செலவையும் ஏற்கிறது. இவற்றால் காக்கப்படும் உயிர்கள் பல. ஆனால் மூளைக் காயத்தின் காலக்கணக்கு மாதங்களாலும் ஆண்டுகளாலும் ஆனது. உதவி நிற்கும் இடமும் தேவை தொடங்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்னர் 7ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக உயர்த்தியது. அவற்றுள் மூளைக் காயம் தனியொரு வகையாகப் பெயர் குறிக்கப்படவில்லை. கை கால் இயக்கக் குறை, பேச்சுக் குறை போன்ற தலைப்புகளின் கீழ்தான் இவர்கள் சான்றிதழ் பெற வேண்டியுள்ளது. நடக்கவும் பேசவும் முடிந்து, நினைவும் நிதானமும் மட்டும் குலைந்தவர் எந்தத் தலைப்பிலும் எளிதில் அடங்குவதில்லை. சலுகைகள் பலவற்றிற்கு 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு இருப்பதால் இது வெறும் சொற்பிரச்சினை அன்று.

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு ஓர் அரிய பாதுகாப்பைத் தருகிறது. பணிக்காலத்தில் குறைபாடு எய்திய அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தக்க பணி இல்லையெனில் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் கொத்தனாருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் இத்தகைய பாதுகாப்பு இல்லை. அவர்களுக்குள்ள வழி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே. உடற்குறையின் சதவீதத்தை மட்டும் பாராமல், அவரவர் தொழிலில் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைக் கணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது. இதைப் பாதிக்கப்பட்டோருக்கு எடுத்துக் கூறுவது சமூக நலப் பணியாளரின் கடமையாகும்.

செய்யத் தக்கவை

வீடு தேடிச் செல்லும் மருத்துவப் பணி இந்தியாவிற்குப் புதிதன்று. கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் தொடங்கி, கேரளம் முழுவதும் பரவிய வலித்தணிப்புச் சேவை ஊர்த் தொண்டர்களின் துணையால் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அடங்கும். இத்தகைய அமைப்புகளில் மூளைக் காயமுற்றோருக்கான பணியையும் இணைப்பது இயலாத காரியமன்று.

முதலாவதாக, நோயாளி வீடு திரும்பும்போது, நேரக்கூடிய மாறுதல்களையும் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் விளக்கும் குறிப்பு அவரவர் தாய்மொழியில் தரப்பட வேண்டும். இரண்டாவதாக, அவர் பெயர் அவ்வூர்ச் சுகாதார ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டு, ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் தவறாது பார்வையிட ஏற்பாடு வேண்டும். மூன்றாவதாக, சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுக்கள் நினைவாற்றல், நடத்தை ஆகியவற்றையும் உளவியலார் துணையுடன் கணிக்க வேண்டும். நான்காவதாக, பராமரிப்பவருக்கும் ஓய்வும் ஆறுதலும் வேண்டும். கணவருக்காகக் கூலி வேலையை விட்ட பெண்ணின் இழப்பும் அக்குடும்பத்தின் இழப்பே.

இவை யாவற்றிற்கும் முன்பாக, காயமே நேராமல் தடுப்பது சிறந்தது. தலைக்கவசம் தலைக்காயத்திற்கான வாய்ப்பை ஏறத்தாழ 69 சதவீதம் குறைக்கிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாது உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

எந்த மருத்துவமனைக்கும் இறுதியில் ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலைக் கடந்து வரும் நோயாளியை எதிர்கொண்டு அழைத்துச் செல்வது இங்குக் கூடியுள்ள பணியாளர்களின் பொறுப்பு. ஊருக்கு ஒருவர், ஆறு மாத காலம், வாரம் ஒருமுறை ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து முறத்தையும் தானியத்தையும் முன்னே வைப்பாராயின், அக்கொத்தனார் மீண்டும் ஒரு சுவரை நேராக எழுப்பும் நாள் தொலைவில் இராது.