ஆஸ்பத்திரி வாசலில் நீட்டப்படும் வக்காலத்து

(ஆத்தூரில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்யாணம் என்றாலும் மய்யித்து என்றாலும் சொந்தக்காரர் காரில் நாலு பேர் ஏறிக்கொண்டு செம்பட்டி வழியாகவோ மதுரை நான்குவழிச் சாலையிலோ போகிறோம். வழியில் மோதல். வண்டியை ஓட்டியவர் ஒருவர், எதிரே வந்தவர் ஒருவர். பின் சீட்டில் இருந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் கால் உடைந்து கிடப்பவர் அவர்தான். அவருக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட வேண்டும். எந்த வக்கீலிடம் கொடுப்பது? இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் இருந்து இறக்குவதற்குள் ஒருவர் வந்து நிற்கிறார். மிகவும் அன்பாகப் பேசுகிறார். எக்ஸ்ரேவுக்கு வழி காட்டுகிறார், டீ வாங்கிக் கொடுக்கிறார். "நம்ம வக்கீல் இருக்கார், ஒரு பைசா செலவில்லை, வர்ற பணத்துல பார்த்துக்கலாம்" என்கிறார். கையில் வக்காலத்துப் படிவம். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடமோ மகனிடமோ நாலைந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வழக்கை நடத்தப் போகும் வக்கீலின் முகத்தை அந்தக் குடும்பம் ஒரு வருடம் கழித்துத்தான் பார்க்கிறது. சில குடும்பங்கள் பார்ப்பதே இல்லை.

ஒரு ஆட்டுக்குட்டி வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், ஆயுள் முழுக்க ஊனத்தோடு வாழப் போகிறவரின் வழக்கை இப்படியா ஒப்படைப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கறிஞர்கள் ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிக்கக் கூடாது. இது இந்திய பார் கவுன்சில் விதி. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்பதும் அதே கவுன்சிலின் விதி. ஆக, ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர் முதல் வார்த்தையிலேயே இரண்டு விதிகளை மீறிவிடுகிறார். இப்படித் தொடங்குகிறவர் நம் விஷயத்தில் நேர்மையாக இருப்பார் என்று எதை வைத்து நம்புவது?

"சதவீதம் பேசுவது ஊர் வழக்கம்தானே" என்பீர்கள். தெலங்கானாவில் ஒரு விதவைக்கு நடந்ததைக் கேளுங்கள். 1998-ல் கணவர் சாலை விபத்தில் இறந்தார். இழப்பீடு வந்தது. வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்த பிறகும், கிடைத்த தொகையில் இத்தனை சதவீதம் வேண்டும் என்று அவரிடம் இன்னொரு காசோலை வாங்கப்பட்டது. கணக்கில் பணமில்லாமல் அது திரும்பியதும், அந்தப் பெண் மீதே செக் மோசடி வழக்கு! அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 டிசம்பரில் நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், யு.யு. லலித் அமர்வு, சதவீதக் கணக்கில் கட்டணம் கேட்பது சட்டத்திற்கும் பொது நலனுக்கும் விரோதமானது என்று சொல்லி அந்த வழக்கையே ரத்து செய்தது. எனவே, "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோமே" என்று யாரும் பயந்து சாக வேண்டாம்.

லண்டனில் இருக்கும் உறவினர்கள், "இங்கே ஜெயித்தால்தான் ஃபீஸ்" என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது. 2013 முதல் காயவழக்குகளில் வக்கீல் நஷ்டஈட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்குக்கு 25 சதவீதம் என்று உச்சவரம்பும் இருக்கிறது. இங்கே வரம்பும் இல்லை, கேட்பாரும் இல்லை.

அதே சமயம் நியாயத்தையும் பேச வேண்டும். ஏழைக் குடும்பம் சதவீதத்துக்கு ஏன் ஒப்புக்கொள்கிறது? கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கே நகை அடகில் இருக்கிறது. வக்கீலும் வயிறு வளர்க்க வேண்டியவர்தான். அதனால் இவ்வளவு தொகை, இத்தனை தவணை என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேளுங்கள். அதற்கும் வசதியில்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். "இலவச வக்கீல் ஒழுங்காக நடத்துவாரா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். புரோக்கர் கொண்டுவரும் வக்கீல் ஒழுங்காக நடத்துவார் என்பதற்கு மட்டும் என்ன உத்தரவாதம்?

சரி, வக்கீலைப் பார்க்கப் போய்விட்டீர்கள். விபத்து வழக்கு தெரிந்தவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று தொடங்குகிறவரை விட, "பாலிசி நகல் இருக்கா?" என்று கேட்பவர் விஷயம் தெரிந்தவர்.

ஏனென்றால் காரில் பயணம் செய்தவரின் வழக்கு பாலிசியில்தான் இருக்கிறது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள சொந்தக் காரில் போனவருக்கு, அந்தக் காரை ஓட்டியவர் தவறினால் அடிபட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அப்போது கார் உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டிவரும். அதே கார் முழு பாலிசி எடுத்ததாக இருந்தால் உள்ளே இருந்தவர்களும் அதில் அடக்கம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எதிரே வந்த லாரியின் மீது தவறு என்றால் அந்த லாரியின் மூன்றாம் நபர் பாலிசியே போதும். இரண்டு பேர் மீதும் தவறா? அப்போதும் பயணிக்குக் கவலையில்லை. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே, "யார் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பீர்கள்?" என்று வக்கீலிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சாமான் ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகாதீர்கள். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பில்லை என்பது 2003-லேயே முடிந்த விஷயம். அங்கே எவ்வளவு கெட்டிக்கார வக்கீல் வந்தாலும் கஷ்டம்தான்.

அடுத்து அவர் கேட்க வேண்டியது, "என்ன தொழில் செய்றீங்க?" என்பது. ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதம் வேறு, சம்பாத்தியம் குறைந்த சதவீதம் வேறு. இடது கை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். அலுவலகத்தில் எழுதுகிறவருக்கு அப்படி அல்ல. 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு இது. சின்னாளபட்டியில் தறி நெய்கிறவருக்கும் பேகம்பூரில் தோல் ஷாப்பில் நிற்கிறவருக்கும் கால் என்பது என்ன என்று நீதிபதிக்கு எடுத்துச் சொல்கிறவர்தான் நமக்கு வக்கீல். மதராஸில் பெரிய பெயர் உள்ளவர் வேண்டுமென்று அலைய வேண்டாம். விபத்து எந்த ஊரில் நடந்திருந்தாலும் நாம் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 1994 முதலே சட்டத்தில் இடமிருக்கிறது. திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்துப் பேசக்கூடிய வக்கீல் நல்லது.

வங்கிப் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் குமாஸ்தாவிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை இன்றோடு விடுங்கள்! இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி உரியவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக அனுப்ப வழி செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில், கார்டு உங்கள் பையில் இருக்க வேண்டும். லோக் அதாலத்தில் சமாதானம் பேசினால் நீங்களே போய் உட்காருங்கள். அங்கே முடிந்த தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது.

வக்கீல் சரியில்லையா? மாற்றலாம். "பாக்கி ஃபீஸைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்" என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. கட்டணத்துக்காக வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இனி நம் ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஓட்டினதும் நம்ம பையன், அடிபட்டதும் நம்ம ஆள், கேஸ் வேண்டாம்" என்று இருபதாயிரம் ரூபாயில் பேசி முத்திரைத்தாளில் எழுதி முடித்துவிடுகிறீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் காருக்கு முழு பாலிசி இருந்து பையனிடம் லைசென்ஸும் இருந்தால், பணம் கொடுக்க வேண்டியது கம்பெனி. பையனின் பையிலிருந்து போகப் போவதில்லை. பாலிசியைப் பார்க்காமல் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். லைசென்ஸ் இல்லாத பையனுக்குப் பதில் வேறொருவர் ஓட்டியதாக எழுதச் சொல்லும் யோசனை பக்கமும் போகாதீர்கள். உத்தரப்பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்க 2015-ல் உயர் நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழுவே அமைத்தது. 2021-ல் அந்த விவகாரத்தில் 28 வக்கீல்களை பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது.

"இன்ஷூரன்ஸ் பணம் கூடுமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: இது நாம் எடுத்த பாலிசி அல்ல; நம் உடம்பை ஊனமாக்கியவர் தர வேண்டிய ஈடு. தியத் என்ற சொல்லை அறியாத சமுதாயமா நாம்? ஆனால் கேட்பதைச் சீக்கிரம் கேளுங்கள். காலக்கெடு ஓடுகிறது.

"விபத்து கேஸ் எப்ப வேணும்னாலும் போடலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1994-ல் காலக்கெடு நீக்கப்பட்டதால் அது சரியாகத்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் ஆறு மாதம் என்று வந்துவிட்டது. அதை எதிர்த்த வழக்குகளில், தாமதம் என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். கணவர் விபத்தில் இறந்தால் இத்தா நான்கு மாதம் பத்து நாள். ஆறு மாதத்தில் மிச்சம் ஏறக்குறைய ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளில்தான் வக்கீலைத் தேடி, எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், பாலிசி விவரம் எல்லாம் சேர்க்க வேண்டும் என்றால் முடியுமா? புரோக்கர் நுழைவதும் இந்த அவசரத்தில்தான். வக்காலத்தில் கையெழுத்திட நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. அண்ணன், தம்பி, மாமனார் யாராவது முதல் மாதத்திலேயே இரண்டு வக்கீல்களையாவது பார்த்துப் பேசி வரட்டும். நல்லவர் என்று முடிவானதும் வக்காலத்து வீட்டுக்கு வரட்டும். முழுதாக நிரப்பிய காகிதமா என்று பார்த்து, படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.