சேலத்தில் எழுந்த குரல்



சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையத்தின் முகப்பு வளைவு மட்டும் தனியாக நிற்கும். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பி. யு. சின்னப்பா என்ற பாடகரைத் தூக்கிவிட்ட வாசல் அது.

பாடகர்களின் கதை வழக்கமாக எப்படிப் போகும்? அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் கதையை 1972-இல் படமாக எடுத்தார்கள். புகழின் உச்சிக்குப் போய், போதையில் சரிந்த கதை. சின்னப்பாவுக்குச் சரிவு முதலிலேயே வந்துவிட்டது.

1916-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம். எம்.ஜி.ஆரும் அதே கம்பெனிப் பையன்தான். பிறகு மகரக்கட்டு வந்தது. குரல் உடைந்த பையனுக்கு நாடகக் கொட்டகையில் என்ன வேலை? வெளியே வந்தவர் சிலம்பம், குஸ்தி என்று உடம்பைத் தேற்றினார். குரலும் திரும்பியது. 1936-இல் ‘சந்திரகாந்தா’ படத்தில் நடித்தார். ஆனால் சில படங்களுக்குப் பிறகு வாய்ப்புகள் வற்றின.

அப்போது கைகொடுத்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர், நம் திருச்செங்கோட்டுக்காரர் டி. ஆர். சுந்தரம். 1940-இல் ‘உத்தம புத்திரன்’. தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்பார்கள். லென்ஸில் பாதியை மறைத்து ஒருவரை எடுப்பது, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியில் அவரையே இன்னொருவராக எடுப்பது: அந்தக் காலத்து இரட்டை வேட வித்தை அதுதான். கை கொஞ்சம் கோடு தாண்டினால் காட்சி போச்சு. கம்பு சுற்றிப் பழகிய உடம்புக்கு அந்த அளவு பிடிபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

1942-இல் இதே சேலத்தில் ‘மனோன்மணி’. 1944-இல் ‘ஜகதலப்பிரதாபன்’, ஒரே பாட்டில் ஐந்து சின்னப்பா, ஒருவர் பாட மற்றவர்கள் பக்கவாத்தியம்! அந்த ஆண்டுக் கடைசியில் பாடக நடிகர் தியாகராஜ பாகவதர், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாக, எதிரே நின்ற பெரும்பாட்டுக்காரரும் இல்லாமல் போனார். சம்பாதித்ததையெல்லாம் சின்னப்பா புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி இவருக்கு வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை உண்டு.

குடியும் இருந்தது. 1951 செப்டம்பர் 23 அன்று, ஊரில் சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் ரத்தம் கக்கி இறந்தார். வயது 35. மார்க்கெட் போய், குரல் போய், வாசலில் காத்துக் கிடந்த முடிவல்ல அது. பாதிப் பாட்டில் நின்றுபோன முடிவு.

குயவர் கோராகும்பராக அவர் நடித்த ‘சுதர்சன்’ திரைக்கு வந்தபோது அவர் இல்லை.