சாத்தாரா மலைவழியில்

"பிழைக்க வந்த ஊர்" என்று தாம் வாழும் ஊரைச் சுட்டுவது வெளிமாநிலத் தமிழரிடையே நெடுநாளைய வழக்கம். விடுமுறை கிடைத்ததும் தெற்கே செல்லும் ரயிலில் இடம் தேடுகிறோம். பெற்றோரையும் உற்றாரையும் காணும் ஆவல் இயற்கையானதே. ஆயினும், பல்லாண்டுகள் தங்கிப் பிள்ளைகளை வளர்த்த நாட்டின் மலையையும் ஆற்றையும் அறியாமலேயே காலத்தைக் கழித்துவிடுகிறோம். புணேயில் வாழும் நாங்களும் அத்தகையோராகவே இருந்தோம். ஆவணி இறுதியில் ஒரு நாள், இரண்டு குடும்பத்தாராகக் காரில் சாத்தாரா சென்று வந்ததே அக்குறையை எங்களுக்கு உணர்த்தியது.

புணேயிலிருந்து சாத்தாரா ஏறக்குறைய 110 கிலோமீட்டர். பெங்களூருக்குச் செல்லும் அதே நெடுஞ்சாலைதான். ஊருக்குப் போகும் அவசரத்தில் நம்மவர் பலர் உறங்கிக்கொண்டே கடக்கும் சாலை. கம்பாட்கி கணவாயைத் தாண்டியதும் வலப்புறம் பிரியும் பாதை வாயி என்னும் ஊரை அடைகிறது. அங்கே கிருஷ்ணை நதிக்கரை நெடுகக் கல் படித்துறைகள். அவற்றருகே 1762-இல் கட்டிய பிள்ளையார் கோயில். பருத்த திருமேனியை உடையவராதலால் அவரை 'டோல்யா கணபதி' என்று மக்கள் அன்போடு அழைக்கின்றனர். பக்கத்தில் மேணவலியில், பேஷ்வாக்களின் அமைச்சராயிருந்த நானா பட்னவீஸின் மாளிகை இருக்கிறது. 1739-இல் போர்த்துகீசியரிடமிருந்து வசாய்க் கோட்டையை வென்றபோது கொண்டுவந்த பெரிய மணி ஒன்றையும் அவ்வூர் ஆற்றங்கரையில் கண்டோம்.

படித்துறையில் கால் நனைத்தபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவை தத்தம் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க இசைந்ததாலேயே கிருஷ்ணை நீர் 1996-இல் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் நம் உறவினர் பருகும் நீரில் இந்த ஆற்றுக்கும் பங்குண்டு.

மீண்டும் நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்றால், சாத்தாராவை அடையுமுன் லிம்ப் என்னும் சிற்றூர் வருகிறது. கரும்பு வயல்களுக்கிடையே 'பாரா மோட்டேச்சி விஹீர்', அதாவது பன்னிரண்டு கமலைக் கிணறு, இருக்கிறது. எருதுகள் பூட்டித் தோல் சாலால் நீர் இறைக்கும் நம்மூர்க் கமலையேதான் அது. சாகு மன்னர் காலத்தில், 1719-க்கும் 1724-க்கும் இடையே, வீருபாய் போஸ்லே என்னும் அரசகுல மாது இதனைக் கட்டுவித்தார். படிகளில் இறங்கினால் நடுவே கல் மண்டபம் ஒன்று அமைந்திருப்பதைக் கண்டு வியந்தோம்.

சாத்தாரா நகருக்கு மேலே அஜிங்க்யதாரா கோட்டை நிற்கிறது. 1689-இல் முகலாயர் ராய்காட்டை முற்றுகையிடவே, ராஜாராம் தெற்கே விரைந்து நமது செஞ்சிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். முற்றுகைக்கு நடுவிலும் அங்கிருந்தே அரசாண்டார். 1698-இல் செஞ்சி வீழ்ந்தது. அதற்கு முன்பே தப்பி வந்த அவர் சாத்தாராவைத் தலைநகராக்கினார். 2025-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று செஞ்சி.

நகரிலிருந்து யவதேஷ்வர் மலைப்பாதையில் சுமார் 25 கிலோமீட்டர் ஏறினால் காஸ் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். 850-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இங்குள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக 2012-இல் இதுவும் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மூடுபனி விலகியபோது தரை முழுதும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக விரிந்தது. சிவந்தவை 'தெர்டா' என்னும் காட்டுக் காசித்தும்பை, மஞ்சள் 'சோன்கி'. எட்டாண்டுகளுக்கு ஒருமுறை போலப் பூக்கும் கார்வியும் இங்கு உண்டு. அது நம் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு.

இத்தனை மலரும் வளமான மண்ணில் விளைந்தவை என்று நினைத்தால் பிழை. கீழே செம்புரைக்கல் பாறை. மேலே விரற்கடை அளவே மண். அந்த மண்ணிலும் சத்துக் குறைவு. ஆகவே சில செடிகள் பூச்சியைப் பிடித்து உண்டு வாழ்கின்றன. பசைத்துளிகளால் பூச்சியைச் சிக்கவைக்கும் செடியைத் தமிழில் அழுகண்ணி என்கிறோம். நீருக்குள் நுண்ணிய பைகளால் இரை பிடிக்கும் ஊதாப் பூவை மராட்டியர் 'சீதையின் கண்ணீர்' என்கின்றனர். இச்செடிகளுட் பல ஓராண்டுச் செடிகள். மழைக்காலம் முடியுமுன் முளைத்து, பூத்து, விதை சிந்தியாக வேண்டும். விதை முற்றுமுன் மிதிபட்டால், அடுத்த ஆண்டுக்கு அவ்விடத்தில் எதுவும் மிஞ்சாது.

இதை அறியாத எங்கள் சிறுவன் ஒருவன், புகைப்படத்துக்காகப் பாதையை விட்டுப் பூக்களினிடையே இறங்கினான். இறங்கச் சொன்னவர்கள் நாங்களே என்பதை மறைப்பதற்கில்லை. காவலுக்கு நின்ற கிராமத்து மூதாட்டி ஒருவர் ஓடிவந்தார். அவனைக் கடிந்துகொள்ளாமல், "பாளா" என்று அழைத்துக் கையைப் பிடித்துப் பாதைக்குக் கொணர்ந்தார். அவன் நின்ற இடத்தில் குனிந்து, நசுங்கிய தண்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார், அவை நிற்கவில்லை. பெரியவர்களாகிய எங்களிடம் அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எங்களைத் தலைகுனிய வைத்தது.

கூட்டம் பெருகி மலர்கள் நசிந்ததனால்தான் இங்கு கட்டணமும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் ஏற்பட்டன. செல்ல விரும்புவோர் ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையுள்ள நாட்களில், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, முன்பதிவு செய்துகொண்டு செல்க. வகுத்த பாதையிலேயே நடக்க. வேற்றூர் என்ற நினைப்பு இருக்கும்வரை காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க மாட்டோம், நாங்கள் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், அந்தப் பாட்டி அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று சிறுவன் கேட்டான். சென்று பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.